அரக்கு அடைத்த பதக்கத்தில் விரிசல்: காரைக்குடிப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு பழைய தங்கப் பதக்கத்தைப் பற்றிய குறிப்பு இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் கிராமத்தின் பெயரும் வேண்டாம் என்றார்கள், அதனால் விட்டுவிட்டேன். எடைகளும் அளவுகளும் பட்டறை நோட்டில் அன்றன்று எழுதியவை.

பின்னணி

காரைக்குடியில் எங்களுடையது சின்னப் பட்டறை. கையால் செய்யும் நகை மட்டும்தான். புது மாதிரி வெள்ளி வேலைகளும் தங்க வேலைகளும் நான் பார்க்கிறேன். பழைய உருப்படிகள் வந்தால் எழுபதைத் தாண்டிய ஒரு பத்தர், அதாவது பொற்கொல்லர், வந்து உட்காருவார். குமிட்டி என்ற கரி அடுப்பும் ஊதுகுழலும் அவருக்கு. கேஸ் டார்ச்சும் ரோலிங் மில்லும் எனக்கு. சண்டை அதிகம் வருவதில்லை, இந்த வேலையில் வந்தது.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆச்சியும் அவருடைய மகனும் வந்தார்கள். வீட்டுச் செட்டியாருக்கு அறுபது நிறைகிறது; மணிவிழாவுக்கு மூன்று வாரத்துக்குச் சற்று மேல் இருந்தது. செட்டியாரின் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் கொண்டுவிற்றவர், அங்கே போய்த் தொழில் செய்தவர். அவருடைய மணிவிழாவுக்குச் செய்த கௌரிசங்கரத்தை இவரும் அணிய வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் ஆசை. கௌரிசங்கரம் என்பது இந்தப் பக்கத்து நகரத்தார் ஆண்கள் மணிவிழாவில் அணியும் ருத்ராட்ச மாலை. நடுவில் தங்கப் பதக்கம் தொங்கும். இந்தப் பதக்கத்தில் ரிஷபத்தின் மேல் அம்மையப்பர், சுற்றிலும் திருவாசி, எல்லாமே தகட்டில் தட்டி எழுப்பியது. வங்கி லாக்கரிலிருந்து எடுத்துப் பார்த்தபோது மேல் வளையம் பிய்ந்து தனியாகக் கிடந்தது. வளையம் இருந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு விரிசல் ஓடியிருந்தது.

எங்களிடம் வரும் முன் ஒரு கடைக்குப் போயிருக்கிறார்கள். உருக்கிப் புதிதாக அச்சில் அடித்துத் தருகிறோம் என்று கடையில் சொன்னார்கள். அதோடு, எச்.யூ.ஐ.டி. எண் (ஹால்மார்க் நகை ஒவ்வொன்றுக்கும் தரும் தனி அடையாள எண்) இல்லாத பழைய நகையை இனிமேல் யாரும் வாங்க மாட்டார்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆச்சிக்குப் பாதிப் பயம் இதில்தான். முதலில் அதைத் தீர்த்தோம். தங்கத்தின் தரத்தைக் காட்டும் ஹால்மார்க் முத்திரை 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. இல்லாத நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. கட்டுப்பாடு விற்கும் கடைக்காரருக்குத்தான். வீட்டில் இருக்கும் பழைய நகையை வைத்துக்கொள்ளவோ கடையில் கொடுத்துப் பணமாக்கவோ ஒரு தடையும் கிடையாது. இதைச் சொன்ன பிறகுதான் ஆச்சி பதக்கத்தை மேசைமேல் வைத்தார்.

முதல் நாள் பார்த்தது

ருத்ராட்சங்களைத் தனியே கழற்றி, பதக்கத்தையும் பிய்ந்த வளையத்தையும் அவர்கள் கண்முன்னாலேயே எடை போட்டோம். பதக்கம் மட்டும் 43.0 கிராம். கைக்கு அந்த எடை தெரியவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு அவ்வளவு பருமனான பதக்கம் கெட்டித் தங்கமாக இருந்தால் கை தாழ்ந்திருக்கும். விரல் நகத்தால் பின்புறத்தைத் தட்டினால் மந்தமாக ஒரு சத்தம். பத்தர் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள அரக்கு ஆச்சி” என்றார்.

மெல்லிய தகட்டில் உருவம் எழுப்பி, பின்தகடு வைத்து மூடி, நடுவில் செங்கல்பொடி கலந்த அரக்கை அடைப்பது பழைய வழக்கம். தகடு நசுங்காது, தங்கமும் மிச்சம். இந்தத் தகடு விரிசல் ஓரத்தில் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் கனம்.

பத்து மடங்கு லென்ஸில் விரிசலைப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன. கிழிந்த ஓரங்கள் இரண்டும் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தன. கீழே விழுந்தோ இழுபட்டோ கிழிந்தால் ஓரம் உள்ளே போகும், அல்லது இழுத்த திசையில் போகும். இது உள்ளிருந்து ஏதோ தள்ளியது போல இருந்தது. அடுத்து, விரிசலுக்குள் தெரிந்த அரக்கு பழுப்பாக இல்லை. கருகி, பணியாரத்தின் உட்பக்கம் போலக் குமிழ்குமிழாகக் கிடந்தது. மூன்றாவது, வளையம் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. ஊசியால் கீறினால் வெண்ணெயாக வழிந்தது. ஈயப்பற்று.

ஆக, நடந்ததை ஊகிக்க முடிந்தது. எப்போதோ ஒருமுறை வளையம் விட்டுப்போயிருக்கிறது. யாரோ ஈயம் வைத்துச் சூடு காட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் ஆபத்தில்லை என்று நினைத்திருக்கலாம். ஆனால் அரக்கு எழுபது எண்பது டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அதற்கு மேலே போனால் பொங்கி ஆவி விடும். மூடிய கூட்டில் ஆவிக்குப் போக வழியில்லை. தகடு பலவீனமான இடத்தில் வெடித்தது. வளையம் அதற்குப் பிறகும் சில வருஷம் தாக்குப்பிடித்திருக்கலாம்.

ஆச்சியிடம் கேட்டபோது இன்னொன்றும் வெளிவந்தது. ஒவ்வொரு விசேஷத்துக்கு முன்னும் எல்லா நகையையும் பூந்திக்கொட்டை போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைப்பது அவருடைய மாமியார் காலத்துப் பழக்கம். இந்தப் பதக்கமும் அதில் போயிருக்கிறது. விரிசல் நீண்டதில் அதற்கும் பங்கு இருக்கும்.

சோதனைகள்

அவர்கள் இரண்டாம் முறை வந்தபோது, பதக்கத்தை அவர்களோடே சோதனை மையத்துக்கு எடுத்துப்போய் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் (எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைக் காட்டுவது) மூன்று இடத்தில் பார்த்தோம். முன்முகத்தில் தங்கம் 94 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கிழிந்த ஓரத்தின் உள்விளிம்பில் 88. வளையத்தடியில் ஈயமும் வெள்ளீயமும் தெளிவாக வந்தன.

மகனுக்கு இது குழப்பமாக இருந்தது. ஒரே தகடு, எப்படி இரண்டு மாற்று, அதாவது இரண்டு தரம்? இந்த இயந்திரம் தங்கத்தில் மேல்பரப்பின் சில மைக்ரான் ஆழத்தை மட்டும்தான் படிக்கும். பழைய பத்தர்கள் வேலை முடிந்ததும் உப்பு, படிகாரம், வெடியுப்பு சேர்த்த கலவையில் நகையைக் காய்ச்சி நிறம் ஏற்றுவார்கள். அந்தக் காய்ச்சலில் மேல்பரப்பிலுள்ள செம்பு கரைந்துபோய்த் தங்கம் மட்டும் மிஞ்சும். முகத்துக்கு 94, உடம்புக்கு 88. கடைகளில் மேல்பரப்பை மட்டும் காட்டி எடுக்கும் அளவை வைத்துப் பழைய நகையை விலை பேசுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருவருக்கு நஷ்டம்.

உள்ளே எவ்வளவு தங்கம் என்று வீட்டில் கேட்டார்கள். உடைக்காமல் சொல்ல ஒரு வழி இருந்தது. விரிசலைத் தேன்மெழுகால் அடைத்து, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை எடுத்தோம். 33.8 கிராம் காட்டியது. குறைந்த 9.2 கிராம்தான் பதக்கம் விலக்கிய தண்ணீர். அதாவது பருமன் 9.2 கன சென்டிமீட்டர். இந்த மாற்றுத் தங்கத்தின் அடர்த்தியை ஏறக்குறைய 17.5 என்றும், செங்கல்பொடி கலந்த அரக்கின் அடர்த்தியை 1.5 முதல் 2 வரை என்றும் வைத்துக் கணக்குப் போட்டால், தங்கம் 28 முதல் 32 கிராமுக்குள் வரும். மூன்றரைப் பவுனுக்குக் குறையாது, நாலு பவுனுக்கு மேல் போகாது. மீதி அரக்கு.

எந்த வழி

இங்கேதான் பத்தருக்கும் எனக்கும் பேச்சு வளர்ந்தது.

உருக்குவதை நாங்கள் இருவருமே ஏற்கவில்லை. நாலு பவுனுக்குள் இருக்கும் தங்கத்தை மறுபடி வாங்கிவிடலாம், இந்தத் தட்டுவேலையை வாங்க முடியாது. ரிஷபத்தின் கழுத்துச் சலங்கை ஒவ்வொன்றும் தனித்தனி உளி அடி. ஒன்றுபோல் ஒன்று இல்லை.

பத்தரின் யோசனை: பின்தகட்டைத் திறக்க வேண்டும். அரக்கை முழுக்க இளக்கி வெளியே எடுத்து, ஈயத்தைச் சுரண்டி, விரிசலுக்குப் பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதி, வளையத்தைப் பழைய இடத்திலேயே பற்றவைத்து, புது அரக்கு அடைத்து மூட வேண்டும். “பழசைப் பழசாவே சரி பண்ணணும் தம்பி. பாதி வேலை பண்ணுனா பாதி நாள்தான் நிக்கும்.” முறையாகப் பார்த்தால் அவர் சொன்னதுதான் முழு வேலை.

எனக்குத் தயக்கம் ஈயத்தால் வந்தது. ஈயம் ஒட்டிய தங்கத்தைப் பற்றவைக்கும் சூட்டுக்குக் கொண்டுபோனால், ஈயம் தங்கத்துக்குள் ஊடுருவி அந்த இடத்தையே நொறுங்க வைக்கும். சில நேரம் கண்முன்னாலேயே ஓட்டை விழும். 0.3 மில்லிமீட்டர் தகட்டில், வெடித்த விரிசலின் மடிப்புக்குள் போயிருக்கும் ஈயத்தைத் துளி விடாமல் எடுக்க முடியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. பத்தராலும் முடியவில்லை. அரக்கை எடுத்த பிறகு தகடு தாங்குமா என்பது அடுத்த கேள்வி. முகூர்த்தத்துக்கு இருந்த நாளில் ஒருமுறை தவறினால் மறுமுறைக்கு இடமில்லை.

மகன் லேசர் வெல்டிங்கைப் பற்றிக் கேட்டிருந்தார். அது நல்ல கேள்வி. லேசரின் சூடு ஊசிமுனை அளவு இடத்தில் சில மில்லி நொடிதான் நிற்கும்; கல் பதித்த நகையைக்கூடக் கல்லைக் கழற்றாமல் ஒட்டுகிறார்கள். 22 காரட் தகட்டை 0.3 மில்லிமீட்டருக்கு உருட்டி, பின்னால் அரக்கு பூசி, வேண்டுமென்றே கிழித்து, மதுரையில் ஒரு வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். முதல் இரண்டு புள்ளி நன்றாக விழுந்தது. மூன்றாவதிலிருந்து தகட்டுக்கடியில் அரக்கு புகைந்து, ஒவ்வொரு புள்ளியிலும் குண்டூசித் துளை. லென்ஸில் பார்த்தால் சல்லடை. இதை அசல் மேல் செய்ய முடியாது.

கடைசியில் தீயே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தோம். விரிசல் விழுந்த தகடு இனி எடை தாங்க வேண்டியதில்லை, வேறொன்று தாங்கட்டும். பதக்கத்தின் விளிம்பைச் சுற்றி 22 காரட்டில் ஒரு சட்டம், அதன் தலையில் புது வளையம். சட்டத்தின் சிறு கவ்விகள் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். கவ்விகளைக் கையால் மடித்து மூடுவதால் சூடு இல்லை. நாளைக்கு யாராவது கவ்விகளைத் திறந்தால் பழைய பதக்கம் வந்தபடியே கையில் வரும். பிய்ந்த வளையம் தனிப் பொட்டலத்தில் பத்திரமாக இருக்கும்.

ஆச்சியின் கவலை வேறு. “புதுசா ஒட்டுன மாதிரி தெரியுமா பத்தரே?” தெரியும் என்றுதான் சொன்னோம். முன்னாலிருந்து பார்த்தால் மெல்லிய கோடாகத் தெரியும், பின்னால் திருப்பினால் முழுக்கத் தெரியும். மறைக்கப் பார்த்தால் சட்டத்தை இன்னும் மெலிதாக்க வேண்டும், மெலிதானால் பிடிப்பு போய்விடும். அவர் ஒரு நாள் கழித்துச் சரி என்றார். அன்று இரவு வீட்டில் பெரிய விவாதம் நடந்திருக்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை.

வேலை

தங்கம் வீட்டிலிருந்தே வந்தது: ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு பவுன் காசு. எடை 7.98 கிராம், சவரன் காசு 22 காரட், அதோடு கலந்தது செம்பு. காசை உருக்கப் பத்தருக்கு மனசு வரவில்லை. “ஒண்ணைக் காப்பாத்த இன்னொண்ணைக் கரைக்கிறோமே” என்றார். அதே மாதிரி இன்னும் சில காசுகள் இருக்கின்றன என்று ஆச்சி சொன்ன பிறகுதான் உருக்கும் கிண்ணமான மூசையை எடுத்தார்.

தங்கத்தில் கை வைக்கும் முன் செம்பில் ஒரு மாதிரிச் சட்டம் செய்தோம். நல்லதாயிற்று. ரிஷபத்தின் வால் விளிம்பைத் தாண்டி அரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது. காகிதத்தில் எடுத்த வரைவில் அது தெரியவில்லை, செம்புச் சட்டம் அங்கே இடித்தது. அந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் வளைத்துவிட்டோம்.

பிறகு காசை வெண்காரம் போட்டு உருக்கி, கட்டியாக ஊற்றி, தட்டி, பழுக்கக் காய்ச்சி ஆறவைத்து, மில்லில் 0.6 மில்லிமீட்டர் தகடாக உருட்டினோம். சட்டமும் ஒன்பது கவ்விகளும் ஒரே தகட்டில் அறுத்தவை. பற்றவைத்தது வளையத்தையும் சட்டத்தின் ஒரு மூட்டையும் மட்டும். காட்மியம் சேர்த்த பொடி எங்கள் பட்டறையில் கிடையாது. 767 டிகிரியில் காட்மியம் கொதித்து ஆவியாகிவிடும்; பற்றவைக்கிற சூட்டில் அந்தப் புகையைச் சுவாசிப்பது ஊதுகிறவர்தான். கே.டி.எம். என்று ஒரு காலத்தில் அதைத் தரமாகச் சொல்லி விற்றார்கள். ஊதியவர்களின் நெஞ்சை யாரும் பார்க்கவில்லை.

ஈயத்திட்டைத் தொடக்கூடிய இடத்தில் மட்டும் பத்தர் சுரண்டி எடுத்தார். விரிசலின் மடிப்புக்குள் இருந்ததை அப்படியே விட்டோம்; இனி அங்கே சூடு படப்போவதில்லை. தேன்மெழுகு அடைப்பும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

கவ்விகளை மூடிய வேலை முழுக்கப் பத்தருடையது. எஃகுத் தள்ளியை அவர் தொடவில்லை. மூங்கில் குச்சியைச் சீவி முனையை மழுக்கி, எதிரெதிர்க் கவ்விகளை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். ஒரு பக்கம் முழுதாக மூடிவிட்டு மறுபக்கம் போனால் பதக்கம் நகர்ந்து விரிசல் வாய் திறக்கும். கடைசிக் கவ்வி படிந்ததும் பதக்கத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை.

சட்டம் 5.74 கிராம். திருப்பிக் கொடுத்த துண்டும் ராவிய தூளும் 2.16. போனது 0.08. சேதாரம் என்று சதவீதம் போடவில்லை, வேலைக்குக் கூலி மட்டும் வாங்கினோம். பழுதுபார்க்கும் வேலைக்கு நகையின் மொத்த எடையில் சேதாரம் போடுவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது என்பது என் கட்சி.

காசின் செம்பால் சட்டம் பதக்கத்தைவிடக் கொஞ்சம் சிவந்து நின்றது. நிறம் ஏற்றிச் சேர்த்துவிடலாம் என்றார் பத்தர். வேண்டாம் என்றேன்; எது பழையது, எது புதியது என்று பார்த்ததும் தெரிவது நல்லது. இதில் அவர் விட்டுக்கொடுத்தார்.

விழாவும் அதற்குப் பின்னும்

கொடுக்கும்போது மூன்று விஷயம் எழுதிக் கொடுத்தோம். மணிவிழாவில் கலசநீர் ஊற்றும்போது பதக்கம் கழுத்தில் இருக்கக் கூடாது. ஈரத்துணி மாற்றிய பிறகு அணியலாம். ஹோம குண்டத்துக்கு ரொம்ப அருகில் குனிந்து உட்கார வேண்டாம். இனி எக்காலத்திலும் வெந்நீர், பூந்திக்கொட்டை கிடையாது; உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

விழா நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாளில் மகன் வந்தார். திருவாசியின் வலப்பக்கக் கவ்வி ஒன்று அங்கவஸ்திரத்தின் சரிகையில் மாட்டி நூலை இழுத்திருக்கிறது. கவ்வி அசையவில்லை, பட்டுதான் கெட்டது. ஒன்பது கவ்விகளின் முனைகளையும் உருட்டி ராவி, மெருகு போட்டுக் கொடுத்தோம். பிறகு பட்டுத் துணியில் பலமுறை தேய்த்துப் பார்த்தோம், மாட்டவில்லை.

அந்த வாரமே ஆச்சி வளவு வீட்டுப் பெட்டியிலிருந்த பழைய கணக்கேடு ஒன்றின் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பினார். அதில் கௌரிசங்கரத்துக்குக் கொடுத்த தங்கம் மூன்றே முக்கால் பவுன் என்று இருந்தது. ஏறக்குறைய 30 கிராம். தண்ணீர் எடையில் போட்ட கணக்குக்குள் வந்தது. பத்தர் அந்தப் படத்தை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

ஆறு மாதம் கழித்துச் சோதனைக்கு வரவழைத்தோம். முதல் நாள் விரிசலின் நீளம் 14 மில்லிமீட்டர், அளவுகோலோடு படம் எடுத்து வைத்திருந்தோம். இப்போதும் 14. மெழுகு அப்படியே இருந்தது. ஒரு கவ்வி மட்டும் தலைமுடி அளவு தளர்ந்திருந்தது, இறுக்கினோம்.

அடுத்த முறை மாற்றுவது

செம்பு மாதிரியை மேசையில் பொருத்திப் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது. அணியப்போகிறவரின் கழுத்தில், அவர் அன்று உடுத்தும் துணியின் மேல் போட்டு, குனியச் சொல்லி, கும்பிடச் சொல்லிப் பார்க்க வேண்டும். சரிகைப் பிரச்சினை அங்கேயே தெரிந்திருக்கும். கவ்விகளுக்குப் பதில் தொடர்ச்சியான மடிவிளிம்பு வைப்பது இதற்கு இன்னும் நல்ல வழி. ஆனால் அதைத் திறப்பது கடினம். எதை விட்டு எதை எடுப்பது என்பது உருப்படியைப் பொறுத்தது.

உள்ளே அரக்கு என்று சந்தேகம் வந்தால், வீட்டில் எப்படிக் கழுவுகிறார்கள் என்பதை இனி முதல் கேள்வியாகக் கேட்கிறோம். எக்ஸ்ஆர்எஃப் எடுக்கும்போது பழைய ஒட்டு இருக்கும் இடத்தில் ஓர் அளவு கட்டாயம். டார்ச்சைப் பற்றவைக்கும் முன் இந்த இரண்டும் நோட்டில் ஏறியிருக்க வேண்டும்.

பத்தர் இன்றைக்கும் திறந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஒரு இடத்தில் அவர் சொல்வது சரி: கருகிய அரக்கு உள்ளே அப்படியே இருக்கிறது, அது வருஷங்களில் நொறுங்கித் தகட்டுக்குப் பின்னால் வெற்றிடம் விடலாம். செட்டியாருக்கு எழுபதில் பீமரத சாந்தி வரும். அதற்கு முன் திறப்பதா வேண்டாமா என்று பார்க்கலாம் எனக் குடும்பத்தாரிடம் சொல்லியிருக்கிறோம். அதுவரை பத்தர் வெள்ளித் தகட்டில் அரக்கு அடைத்த மாதிரிகளைச் செய்து, நடுவில் ஈயம் வைத்துக் கெடுத்து, என்னைத் திறக்கச் சொல்கிறார். இதுவரை திறந்ததில் பாதி நசுங்கியிருக்கிறது.